இடிந்த வீடும் இழப்பீடும்

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் நான். போர்களைக் கற்பிப்பது எளிது. காரணம், போக்கு, விளைவு என்று கரும்பலகையில் மூன்று தலைப்புகளை எழுதிவிட்டால் எந்தப் போரும் அவற்றுள் அடங்கிவிடும். ஒரு நாள் எட்டாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போரைச் சொல்லி முடித்து, "ஐயம் ஏதேனும் உண்டா?" என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். மீனவர் வீட்டுப் பிள்ளை. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடிய பின் கட்டித் தரப்பட்ட குடியிருப்பில் வளர்ந்தவன். "ஐயா, குண்டு விழுந்து வீடு போனவர்களுக்கு யார் வீடு கட்டிக் கொடுத்தார்கள்?" என்றான்.

பாடநூலில் அதற்கு விடை இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று கூறி, மணி அடிக்கும் வரையில் எப்படியோ பொழுதைப் போக்கினேன். அந்த விடையைத் தேடியபோது நான் தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அக்கேள்வி என்னைத் தைத்ததற்குக் குடும்பக் காரணம் ஒன்றும் உண்டு. திருமலைராயன்பட்டினத்தில் பிறந்த என் தாய்வழிப் பாட்டனார் பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே குடியிருப்பு. இருபது ஆண்டு உழைப்பின் பயன் அது. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் நகரின்மீது குண்டு பொழிந்தன. முன்பின் விமானத் தாக்குதலைக் கண்டறியாத மக்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தனர். அவர்களிற் பலர் அங்கேயே மாண்டனர். என் தாயாருக்கு அப்போது எட்டு வயது. பாட்டனார் குடும்பத்தை அழைத்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு ஓடி உயிர் தப்பினார். திரும்பி வந்தபோது கடை இருந்த இடத்தில் ஒரு சுவர் மட்டும் நின்றது. கிரயப் பத்திரம், வரி ரசீது, கணக்கு நோட்டு எல்லாம் மாடியில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பெட்டியும் போயிற்று.

போர் முடிந்தபின் மலாயாவில் போர்ச் சேதங்களை விசாரிக்க ஓர் ஆணைக்குழு அமைந்தது. சேதமுற்றவர் விண்ணப்பிக்கலாம் என்று செய்தி வந்தது. பாட்டனார் விண்ணப்பிக்கவே இல்லை. "எதைக் காட்டிக் கேட்கிறது? போய்க் கையேந்தி நிற்கச் சொல்கிறாயா?" என்று பாட்டியிடம் சொல்லிவிட்டு ஊருக்குக் கப்பலேறினாராம். என் தாயார் இதைப் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவருடைய சொற்களில் இரண்டு எண்ணங்கள் அடங்கியுள்ளன. அரசு தரும் பணம் பிச்சை என்பது ஒன்று. காட்டுவதற்குக் காகிதம் இல்லாதவன் கேட்க முடியாது என்பது மற்றொன்று. முன்னது பிழை. பின்னது பாதி உண்மை. இவ்விரண்டையும் சற்றே விரித்துப் பார்ப்போம்.

ஒருவர் வீட்டில் அடுப்பு நெருப்புப் பற்றிக் கூரை எரிந்தால் அண்டை அயலார் உதவுவர். காப்பீடு செய்திருந்தால் அந்நிறுவனம் பணம் தரும். போரில் இடிந்த வீட்டின் நிலை வேறு. அவ்வீட்டுக்காரர் எவரோடும் சண்டைக்குப் போகவில்லை. நாடு முழுவதற்காகவும் நடைபெறும் ஒரு செயலின் சுமை அவர் கூரைமேல் விழுந்துவிட்டது. குண்டு விழுந்த தெருவில் இருப்பவருக்கும் விழாத தெருவில் இருப்பவருக்கும் குற்றத்திலோ தகுதியிலோ வேற்றுமை ஏதும் இல்லை. காப்பீடும் இங்கே கைகொடுப்பதில்லை. வழக்கமான தீக்காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்; போர், படையெடுப்பு, அயல்நாட்டுப் பகைவரின் செயல் ஆகியவற்றால் நேரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும். ஆயிரம் வீடுகளில் ஒன்று எரிந்தால் மற்றவர் கட்டிய பணம் அதனை ஈடுசெய்யும். ஒரே இரவில் ஊரே எரிந்தால் எந்த நிறுவனம் தாங்கும்? ஆதலின் அரசு ஒன்றே கதியாகிறது.

அரசு தருவதும் மூவகைப்படும். முதலாவது உடனடி உதவி: சோறு, பாய், தங்க ஓர் இடம். இரண்டாவது கருணைத்தொகை: அரசு தானாக மனமிரங்கித் தருவது, அளவை அரசே முடிவு செய்யும். மூன்றாவது இழப்பீடு: பெறுவோரின் உரிமை என்று சட்டம் ஏற்றுக்கொண்டது, எவ்வளவு, யாருக்கு, எப்படி, மறுக்கப்பட்டால் எங்கே முறையிடுவது என்பன எழுத்தில் இருக்கும். கைக்கு வரும் தொகை ஒன்றாகவே இருந்தாலும், முன்னதை வாங்குபவர் மனுதாரர். பின்னதை வாங்குபவர் உரிமைக்காரர்.

இந்த வேற்றுமை காரைக்காலுக்குத் தொடர்பில்லாத செய்தி அன்று. முதல் உலகப் போரில் வடபிரான்சின் ஊர்கள் பல தரைமட்டமாயின. 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் பிரெஞ்சுக் குடியரசு ஒரு சட்டம் இயற்றிற்று. போரின் சுமையைத் தாங்குவதில் குடிமக்கள் எல்லாரும் சமம், ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பது அதன் முதற்கொள்கை. சேதமுற்றோர்க்கு முழு இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்றது அச்சட்டம். சேதத்தை மதிப்பிட வட்டாரந்தோறும் குழுக்கள் அமைந்தன. குழுவின் முடிவை ஏற்காதவர் அதற்கென அமைந்த மன்றத்தில் முறையிடலாம். வீட்டைத் திரும்பக் கட்டுபவருக்கு, போருக்கு முந்திய மதிப்போடு விலையேற்றத்தை ஈடுசெய்யும் கூடுதல் தொகையும் உண்டு. 1946-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் முகவுரையிலும் நாட்டுக்கு நேரும் பேரிடரின் சுமையில் எல்லாரும் சமம் என்னும் கொள்கை இடம்பெற்றது. அதே ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் போரின் சேதங்களுக்கும் தனிச் சட்டம் வந்தது.

அந்நாளில் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்தான் நம் ஊர் இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தது. என் பாட்டனார் எதைப் பிச்சை என்று எண்ணி வெட்கினாரோ, அதை உரிமை என்று எழுதி வைத்திருந்தது அவர் பிறந்த ஊரை ஆண்ட அரசு. அவர் வீடு இடிந்ததோ ஆங்கிலேயர் ஆண்ட ஊரில். கொள்கை அவருக்குத் தெரியவும் இல்லை. தெரிவிப்பார் இருந்ததாகவும் அவர் சொன்னதில்லை.

உரிமை என்று எழுதிவிட்டால் போதுமா? பணம் எங்கிருந்து வரும்? உலகம் இதற்கு நான்கு விடைகளைக் கண்டிருக்கிறது.

தோற்ற பகைவன் தரட்டும் என்பது முதல் விடை. 1919-இல் பிரான்சு அதை நம்பித்தான் தன் கருவூலத்திலிருந்து செலவிட்டது. ஜெர்மனியிடமிருந்து தவணைகள் ஒழுங்காக வரவில்லை. 1923-இல் ரூர் நிலப்பகுதிக்குள் படையை அனுப்பியும் எண்ணியது நிறைவேறவில்லை. இவ்வழி ஓரளவு பயன் தந்ததற்கு அண்மைக் காலத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஈராக் 1990-இல் குவைத்தில் புகுந்தபோது நம் நாட்டவர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் போட்டது போட்டபடி ஊர் திரும்பினர். 1991-இல் ஐக்கிய நாடுகள் அவை ஓர் இழப்பீட்டு ஆணையத்தை நிறுவி, ஈராக்கின் எண்ணெய் வருவாயில் ஒரு பங்கைப் பெற்று, பல நாட்டவர்க்கும் பகிர்ந்தளித்தது. வழங்கிய தொகை ஏறத்தாழ 5,240 கோடி டாலர். கடைசித் தவணை செலுத்தப்பட்டது 2022-ஆம் ஆண்டு ஜனவரியில். தொடக்கத்திலிருந்து முடிவு வரை முப்பது ஆண்டுகள்!

நாட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ளட்டும் என்பது இரண்டாம் விடை. 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் தொடங்கி லண்டன் இரவுதோறும் குண்டுவீச்சுக்கு ஆளாயிற்று. போர் முடியட்டும் என்று காத்திராமல் 1941 மார்ச்சிலேயே பிரிட்டன் போர்ச்சேதச் சட்டத்தை நிறைவேற்றிற்று. வீடு, நிலம் உடையோர் ஐந்து ஆண்டுத் தவணையில் ஒரு பங்குத் தொகை செலுத்தவேண்டும். குண்டே விழாத சிற்றூரில் வீடு வைத்திருந்தவரும் செலுத்தவேண்டும். பழுதுபார்க்கக்கூடிய வீட்டுக்கு நியாயமான பழுதுச் செலவு. முற்றும் அழிந்ததற்கு 1939 மார்ச் மாத விலையை அடிப்படையாகக் கொண்ட மதிப்புத் தொகை. வீட்டுச் சாமான்களுக்கும் அச்சட்டத்தில் வழி இருந்தது. இது வாடகைக்குக் குடியிருந்தோர்க்குப் பெரிய ஆறுதல்.

மேற்கு ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1952-ஆம் ஆண்டு சுமையைச் சமன்செய்யும் சட்டம் ஒன்றை அது இயற்றிற்று. 1948-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் யாரிடம் சொத்து எஞ்சியிருந்ததோ, அவர்கள் விலக்குகள் போக அதன் மதிப்பில் பாதியை ஏறத்தாழ முப்பது ஆண்டுத் தவணையில் செலுத்தவேண்டும். அந்தப் பணம் குண்டுவீச்சில் வீடிழந்தவர்க்கும் கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்க்கும் சென்றது. தப்பிய வீடு இடிந்த வீட்டுக்குக் கடன்பட்டது என்பதே அச்சட்டத்தின் கருத்து.

அவரவர் சுமையை அவரவரே தாங்கட்டும் என்பது மூன்றாம் விடை. 1945-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் நள்ளிரவில் டோக்கியோவின்மீது பொழிந்த எரிகுண்டுகளால் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். போருக்குப் பின் ஜப்பானிய அரசு படைவீரர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் ஓய்வூதியம் அளித்தது. விமானத் தாக்குதலில் உறுப்பிழந்த பொதுமக்களுக்கு அத்தகைய சட்டம் இல்லை. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். போர்த்துன்பம் மக்கள் எல்லாரும் சமமாகப் பொறுத்துக்கொள்ளவேண்டியது என்ற கருத்தில் 1987-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. சமம் என்னும் அதே சொல்லைப் பிரான்சு எடுத்தாண்டபோது பங்கிட்டுக்கொள்வது என்று பொருள்பட்டது. இங்கே பொறுத்துக்கொள்வது என்று பொருள்பட்டது.

நான்காம் விடையைச் சொல்லுமுன் நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டதை நாம் பழமொழிபோல் பேசுகிறோம். 1942 ஏப்ரல் 6-ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அக்காலத்தில் வணிகச் சரக்குக்கு 1940-இலும் தொழிற்சாலைக்கு 1942-இலும் போர் இடர்க் காப்பீட்டுச் சட்டங்கள் வந்தன. சுதந்திரத்துக்குப் பின் 1962-இலும் 1971-இலும் அதே வகைச் சட்டங்கள் வந்தன. சரக்கும் தொழிற்சாலையும் அச்சட்டங்களில் இடம்பெற்றன. ஏழை குடியிருக்கும் வீடு அவற்றில் இடம்பெறவில்லை. 2025-ஆம் ஆண்டு மே மாதம் காஷ்மீர் எல்லையில் நடந்த பீரங்கித் தாக்குதலில் பூஞ்ச் முதலிய இடங்களில் வீடுகள் பல சிதைந்தன. அடுத்த மாதம் கட்ராவில் பேசிய பிரதமர், பெரிதும் சிதைந்த வீட்டுக்கு மேலும் 2 லட்சம் ரூபாயும் ஓரளவு சிதைந்ததற்கு மேலும் 1 லட்சம் ரூபாயும் தரப்படும் என்று அறிவித்தார். வரவேற்கத்தக்க செயல். ஆயினும் நிகழ்ச்சிதோறும் அறிவிப்பை எதிர்பார்த்திருப்பதற்கும், முன்னரே எழுதப்பட்ட சட்டத்தைக் காட்டிக் கேட்பதற்கும் உள்ள தூரம் நீங்கள் அறிந்ததே.

இனி நான்காம் விடை: அண்டை நாடு கட்டித் தருவது. இதற்கு எடுத்துக்காட்டு நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. நம் கடற்கரையிலிருந்து தெற்கே கடலைக் கடந்தால் யாழ்ப்பாணம். 1983-இல் மூண்டு 2009-இல் முடிந்த போரில், எறிகணைக்கும் விமானக் குண்டுக்கும் தப்பிய கூரைகள் வடக்கிலும் கிழக்கிலும் மிகச் சிலவே இருந்த ஊர்கள் உண்டு. போரின் இறுதிக் கட்டத்தில் வன்னியிலிருந்து வெளியேறி முகாம்களில் அடைபட்டோர் மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம். இலங்கை அரசு 1987-ஆம் ஆண்டிலேயே சேதமுற்ற ஆட்களுக்கும் ஆதனங்களுக்கும் புனர்வாழ்வளிக்க ஓர் அதிகார சபையைச் சட்டத்தால் நிறுவியிருந்தது. 2018-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கெனத் தனி அலுவலகமும் ஏற்பட்டது. இவற்றுக்கிடையே, 2010-ஆம் ஆண்டு இந்திய அரசு 50,000 வீடுகள் கட்ட உதவுவதாக அறிவித்தது. அவற்றுள் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் உரியவை; 4,000 மலையகத் தோட்டத் தொழிலாளர்க்கு உரியவை. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய். ஒப்பந்தக்காரர் கட்டிச் சாவியைக் கொடுப்பதாக அன்றி, வேலை நடக்க நடக்கப் பணம் பயனாளியின் வங்கிக் கணக்கில் தவணையாகச் செலுத்தப்பட்டு, அவரே முன்னின்று கட்டிக்கொள்வதாகத் திட்டத்தின் பெரும்பகுதி அமைந்தது. தன் வீட்டின் வாசல் எந்தத் திசை நோக்கவேண்டும் என்பதை வீட்டுக்காரி முடிவு செய்தாள். இது சிறிய செய்தியன்று.

இனிப் பாட்டனாரின் இரண்டாம் எண்ணத்துக்கு வருவோம். எதைக் காட்டிக் கேட்பது?

போர் வீட்டை அழிக்கும்போதே வீடு இருந்ததற்கான சான்றையும் அழித்துவிடுகிறது. நெருப்பில் முதலில் எரிவது காகிதம். ஆகவே, பத்திரம் இல்லையேல் பணம் இல்லை என்று ஒரு சட்டம் சொல்லுமாயின், அது மிகுதியும் இழந்தவர்க்கே மிகக் குறைவாகக் கொடுக்கும். நல்ல முறைகள் இதை உணர்ந்தே அமைந்தன. குவைத்திலிருந்து வெளியேறியோர்க்கு, அங்கிருந்து புறப்பட்டதைக் காட்டும் எளிய சான்று இருந்தாலே 2,500 டாலர் முதல் ஒரு நிலையான தொகை தரப்பட்டது. பெருந்தொகை கேட்டவரிடந்தான் விரிவான கணக்குக் கேட்கப்பட்டது. சிறு இழப்புக்கு எளிய சான்று, பெரிய இழப்புக்குக் கடிய சான்று என்பது நியாயமான முறை.

மேலும், சான்று என்பது பத்திரம் ஒன்றே அன்று. இதை நான் என் மேசைமேலேயே கண்டேன். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது ஓர் இலங்கைத் தமிழர் என்னைக் காண வந்தார். 1990-களில் அவர் குடும்பம் இங்கே வாடகை வீட்டில் தங்கியிருந்தது. அவர் மகன் எங்கள் பள்ளியில் படித்தவன். போர் ஓய்ந்து ஊர் திரும்பிய அவருக்கு, இடம்பெயருமுன் தம் ஊரில் வாழ்ந்ததற்கு ஓர் ஆதாரம் வேண்டியிருந்தது. "ஐயா, மகனைச் சேர்க்கும்போது அங்கத்தைப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழைத் தந்தனான். அது இருக்குமோ?" என்று தயங்கிக் கேட்டார். எழுத்தரும் நானும் இரண்டு நாள் பழைய கட்டுகளைப் பிரித்துத் தூசி தட்டினோம். சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயரும் ஊர்ப் பெயரும் இருந்தன. அதனோடு அந்தச் சான்றிதழும் பழுப்பேறி, ஒரு மூலை செல்லரித்து இருந்தது. அதனைப் பார்த்ததும் அவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். நெடுநேரம் பேசவில்லை. உறுதி செய்த நகலை வாங்கிக்கொண்டு சென்றார். சில மாதங்களுக்குப்பின், அடித்தளம் போட்டாயிற்று என்று கடிதம் வந்தது.

அன்று முதல் சேர்க்கைப் பதிவேட்டை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். பள்ளிப் பதிவேடு, கோயில் திருமணப் பதிவு, பள்ளிவாசல், மாதாகோயில் ஏடுகள், கூட்டுறவுச் சங்கக் கணக்கு, மின் கட்டண ரசீது, தபால்காரர் கொண்டு வந்த பழைய உறை, அண்டை வீட்டார் இருவரின் சத்தியக் கூற்று ஆகிய இவையனைத்தும் ஒரு வீடு இருந்ததற்குச் சாட்சி சொல்லக்கூடியவை. பாட்டனாருக்கு இவற்றில் ஒன்றிரண்டாவது பினாங்கில் கிடைத்திருக்கக்கூடும். சரக்கு கொடுத்த வணிகரின் கணக்கில் அவர் பெயர் இருந்திருக்கும். கேட்டுப் பார்க்கலாம் என்று எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாமற் போனார்.

இனி, தரும் முறையைப் பற்றி ஒரு சொல். தாமதமாக வரும் இழப்பீடு பாதி இழப்பீடே. இழந்த நாளின் விலையில் கணக்கிட்டு, பத்தாண்டு கழித்துக் கொடுத்தால் செங்கல்லும் சிமெண்டும் அந்த விலைக்குக் கிடைப்பதில்லை. வீடு கணவர் பெயரில் இருந்து, கணவர் போரில் இறந்துவிட்டால், மனைவி தன் உரிமையை நிலைநாட்ட அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். வாடகைக் குடியினருக்குச் சுவர் சொந்தமில்லாமற் போகலாம். பாத்திரமும் தையல் இயந்திரமும் சொந்தமே. இவற்றையெல்லாம் எண்ணி, அமைதிக் காலத்திலேயே எழுதி வைக்கும் சட்டமே நல்ல சட்டம். குண்டு விழுந்தபின் எழுதத் தொடங்கினால், மழைக்காலம் வந்தபின் கூரை வேயத் தொடங்கியது போலாகும்.

மறுநாள் வகுப்பில் அந்தச் சிறுவனுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. "சில நாடுகளில் எல்லாரும் பணம் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள், சில நாடுகளில் யாருமே கட்டிக் கொடுக்கவில்லை, எல்லாரும் சேர்ந்து கட்டிக் கொடுப்பதே முறை" என்றேன். அவன் சற்று நினைத்துப் பார்த்தான். "எங்கள் வீட்டைப்போல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கடல் அழித்த வீட்டுக்கு நாடு முழுவதும் கைகொடுத்ததை அவன் கண்ணால் கண்டவன்; அவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்பர்களே, சட்டம் செய்வது ஆட்சியாளர் கடமை. நம்மால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுப் பத்திரம், வரி ரசீது, குடும்ப அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றுக்கு நகல் எடுத்து, வேறோர் ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு கட்டாக வைத்துவிடுங்கள். புயலும் வெள்ளமும் அடிக்கடி வந்துபோகும் கடற்கரை நம்முடையது. போர் வராவிட்டாலும் அந்தக் கட்டு பயன்படும். எல்லாவற்றையும் ஒரே தகரப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியையும் அதே வீட்டு மாடியில் வைத்த பிழையை என் பாட்டனாரோடு நிறுத்திக்கொள்வோம்.